பெரிய பைக் மீனுக்குத் தூண்டில் போடும் முன்

பைக் (pike) என்னும் நன்னீர் வேட்டை மீனின் வாயைப் பார்ப்பவர்கள் அதை எதுவும் செய்ய முடியாது என்றே நினைப்பார்கள். உள்நோக்கிச் சரிந்த நூற்றுக்கணக்கான பற்கள், இறுகிய தாடை. ஆனால் தண்ணீருக்கு வெளியே அது வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். பற்களுக்கு அஞ்சி மீனைக் கரையில் புரளவிடுகிறவர்தான் பெரும்பாலும் அதன் சாவுக்குக் காரணமாகிறார்.

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சூ வேலி ஏரியில் 47 பவுண்டு 5 அவுன்ஸ் எடையுள்ள பைக் ஒன்று பிடிபட்டு, பிரிட்டனின் புதிய சாதனையானது. அந்த அளவுக்கு வளர்பவை பெண் மீன்களே. ஒரு நீர்நிலையில் அப்படிச் சிலதான் இருக்கும். சிறிய பைக்குகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தை அடக்கி வைப்பவையும் அவைதாம்.

பிடித்த மீன் குழம்புக்கு என்ற வழக்கத்தில் வளர்ந்த நம்மவர்கள் அங்கே குடியேறியதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இங்கிலாந்தின் ஆறுகளிலிருந்து ஒருவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பைக்கைத்தான் எடுத்துச் செல்லலாம். அதுவும் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே பெரிய பைக் என்றால் உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். ஏரி, குளங்களில் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த மீனையும் எடுத்துச் செல்ல முடியாது.

13 வயது நிறைந்த எவருக்கும் தூண்டில் உரிமம் கட்டாயம். 13 முதல் 16 வயதுவரை அது இலவசம். ஆனாலும் பெற்றிருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டுவரை அபராதம் வரலாம். உரிமம் கையில் இருப்பதால் மட்டும் எந்தக் கரையிலும் உட்கார்ந்துவிட முடியாது. மீன்பிடி உரிமை கரையின் உடைமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்த சங்கத்துக்கோ சொந்தம். அவர்களிடம் நாள் சீட்டோ உறுப்பினர் அட்டையோ வாங்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் பைக் போன்ற நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. தூண்டிலை நீரில் விட்டுவிட்டு அகல்வதும் குற்றம்.

இனி கருவிகள். பைக்கின் பல் சாதாரண நரம்பை அறுத்துவிடும். முள் வாயில் தங்கிய மீன் பட்டினியால் சாகலாம். எனவே முள்ளுக்கு மேலே சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழை இருக்க வேண்டும். மீன் இரையை விழுங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்; தக்கை அசைந்ததுமே இழுங்கள். அகன்ற வலை, ஈரப்படுத்திய மெத்தை விரிப்பு, நீண்ட மூக்குக் குறடு, முள்ளை நறுக்கும் வெட்டுக்குறடு ஆகியவை இல்லாமல் போகவே வேண்டாம். மீனை விரிப்பில் கிடத்தி, செவுள் மூடியின் ஓரமாக விரல்களை நுழைத்து, செவுள் இதழ்களைத் தொடாமல் தாடை எலும்பு கூடும் இடம்வரை முன்னே நகர்த்துங்கள். தலையைத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். இதைப் பழகியவர் அருகில் இருந்து ஒருமுறை காட்டினால் பயம் போய்விடும். கோடையில் வெதுவெதுப்பான நீரில் உயிர்வாயு குறைவு. அப்போது பைக்கைத் தேடாமல் இருப்பதே நல்லது.

உங்கள் உயிருக்கும் ஆபத்து உண்டு. கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர், கையிலுள்ள வெட்டுக்காயம் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலைத் தரலாம். காயத்தைக் கட்டி மூடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, தசைவலி வந்தால் மருத்துவரிடம் ஆற்றோரம் இருந்ததைச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும்.

செத்த மீன்கள் மிதந்தாலோ, நீர் நிறம் மாறினாலோ, யாராவது திருட்டுத்தனமாக மீன் பிடித்தாலோ சுற்றுச்சூழல் முகமையின் 0800 80 70 60 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இழப்பீட்டுக்கும் தடையாணைக்கும் வழி வேறு, அது நீதிமன்றம். 1950களில் பிரைட் ஆஃப் டார்பி என்ற தூண்டில்காரர் சங்கம், டெர்வென்ட் ஆற்றை மாசுபடுத்திய ஆலை மீதும் நகராட்சி மீதும் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. அப்படி வழக்காடும் உரிமை மீன்பிடி உரிமை வைத்திருப்பவர்களுக்கே உண்டு, நாள் சீட்டு வாங்கியவருக்கு இல்லை. ஆகவே ஒரு சங்கத்தில் சேரும்போது, மாசு வழக்குகளை நடத்தும் ஃபிஷ் லீகல் அமைப்பில் அது உறுப்பினரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.