திரையில் நடக்கும் கலைக்கூடம்

அமெரிக்க ஓவியர் ஃபிரெடெரிக் சர்ச் 1859இல் நியூயார்க்கில் தமது ‘ஆண்டீஸின் இதயம்’ ஓவியத்தைத் தனியே காட்சிக்கு வைத்தார். மக்கள் 25 சென்ட் கட்டணம் கொடுத்துத் திரண்டார்கள். மூன்று மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியத்தின் இலைகளையும் பூக்களையும் காண, நாடக அரங்கில் பயன்படுத்தும் சிறு தொலைநோக்கிகளைக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். இன்று அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் செய்வதும் ஏறக்குறைய அதே காரியம்தான். ஆகவே கண்காட்சி அறைகளை அப்படியே படம்பிடித்துத் திரையில் சுற்றிவரச் செய்யும் மெய்நிகர் உலாவைப் போலிப் பார்வை என்று தள்ளிவிட முடியாது.

ஓவியத்தின் உருவளவு திரையில் தொலைந்துபோகிறதே என்பார்கள். உண்மைதான். அதே அருங்காட்சியகத்தில் உள்ள, ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் 1851ஆம் ஆண்டு ஓவியத்தின் அகலம் ஏறத்தாழ ஆறரை மீட்டர். அதன் முன் நிற்கும் பிரமிப்பைக் கைபேசி தராது. ஆனால் தற்காலிகக் கண்காட்சிகளை எண்ணிப் பாருங்கள். சில மாதங்களில் சுவர்கள் காலியாகும், இரவல் வந்த படைப்புகள் ஊர் திரும்பும். எந்த ஓவியத்துக்கு எதிரே எது இருந்தது என்பதிலேயே கண்காட்சியை அமைத்தவரின் வாதம் அடங்கியிருக்கிறது. அச்சிட்ட நூலில் அது முழுமையாகத் தங்குவதில்லை, உலாவில் தங்குகிறது. என் பார்வையில் அதன் தலையாய பயன் இதுவே. திரையில் பார்ப்பதைச் சர்ச்சின் ஓவியத்திலிருந்தே தொடங்குங்கள்: இடப்பக்க மரப்பட்டையில் செதுக்கியதுபோல அவர் தம் பெயரை எழுதியிருக்கிறார், தேடிப் பாருங்கள்.