காவல் நாய்க்கும் ஓர் ஆண்டுத் திட்டம்

மார்கழியில் கேழ்வரகு அறுவடை முடிந்து போர் போட்டாகிவிட்டால், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி விவசாயிகள் வரும் ஆண்டுக்குத் திட்டம் போடத் தொடங்குவார்கள். எந்தப் பசுவுக்குச் சினை ஊசி, எந்த நிலத்தில் தக்காளி, எதில் முட்டைக்கோஸ் என்று வீட்டில் பேச்சு நடக்கும். இரவெல்லாம் களத்தையும் கொட்டிலையும் காக்கும் நாயைப் பற்றி மட்டும் பேச்சு வராது. அதற்கும் ஒரு திட்டம் தேவை. பெரிதாக எதுவும் வேண்டாம். ஓர் ஆண்டில் சிரமமின்றிச் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் மூன்று உண்டு.

முதல் வேலை: வெறிநோய்த் தடுப்பூசி

சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சுற்றிக் கடைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. அங்கே கொட்டப்படும் உணவுக் கழிவை நம்பித் தெருநாய்களும் வாழ்கின்றன. இரவில் அவிழ்த்துவிடப்படும் பண்ணை நாய் அவற்றோடு சண்டையிட்டுக் கடிபட்டு வர வாய்ப்புண்டு. வெறிநோய்க்கான அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரானாலும் மாடானாலும் பிழைப்பது இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் தடுப்பூசியால் இந்நோயைத் தடுத்துவிடலாம்.

குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசியும், அடுத்த மாதம் இரண்டாவது ஊசியும் போட்டு, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போட்டு வர வேண்டும். தேதி மறக்காமலிருக்க, மாட்டுப் பொங்கல் முடிந்த வாரத்தையே ஊசி வாரமாக வைத்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் 10 நாய்களில் 7 நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். நாய்களால் பரவும் வெறிநோயால் 2030க்குள் மனிதர் எவரும் இறக்கக்கூடாது என்ற இலக்கோடு, நம் நாட்டிலும் 2021இல் தேசியச் செயல்திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெறிநோய் கண்ட மாடு ஓயாமல் கதறும், எச்சில் ஒழுக்கும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கக்கூடாது. விட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையிலேயே சில ஊசிகள்தான். மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிப்பது முக்கியம்.

இரண்டாம் வேலை: குடற்புழு நீக்கம்

ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அதை நாய்க்குப் போடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தக் கட்டியில் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. அவை நாயின் குடலில் வளர்ந்து முட்டையிட, முட்டைகள் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து மீண்டும் ஆடுகளுக்குப் போய்ச் சேரும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் குழந்தைகளுக்கும் ஈரலில் கட்டி உண்டாகலாம். எனவே அத்தகைய உறுப்புகளை ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குப் புழு மாத்திரை கொடுக்கலாம். மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு தனியே நின்று பார்த்துக் கழித்தால் அதன் எடை தெரிந்துவிடும். அதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள்.

மூன்றாம் வேலை: கூப்பிட்டால் வரப் பழக்குதல்

பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை யானைக் கூட்டங்கள் வருவது கேழ்வரகு முற்றும் காலத்தில்தான். நாய் குரைத்துக்கொண்டு யானைமேல் பாயும். யானை துரத்தினால் எசமானரிடமே ஓடிவரும். பின்னாலேயே யானையும் வந்து நிற்கும். குரைக்கத் தொடங்குமுன்பே நாயைத் திரும்ப அழைக்க முடிந்தால் ஓர் உயிர் தப்பலாம்.

இதற்கு நாளொன்றுக்கு 5 நிமிடம் போதும். தீனி வைக்குமுன், ராகிக் களியில் சிறு உருண்டை எடுத்துக்கொண்டு 10 அடி தூரத்திலிருந்து கூப்பிடுங்கள், வந்ததும் கொடுங்கள். ஒரு வாரம் சென்றபின் நீளக் கயிறு கட்டி 30 அடியிலும், பிறகு களத்திலும், கடைசியில் வயலிலும் பழக்குங்கள். 10 முறை அழைத்தால் 8 முறை வந்தால்தான் அடுத்த தூரத்துக்குப் போக வேண்டும். தமிழில் ‘வா’, தெலுங்கில் ‘ரா’, கன்னடத்தில் ‘பா’ என்று ஆளுக்கொரு மொழியில் அழைத்தால் நாய் குழம்பும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். வந்த நாயை ஒருபோதும் அடிக்கக்கூடாது. அடித்தால் மறுமுறை வராது.

யானை நடமாட்டத்தை வனத்துறையினர் அறிவிக்கும் நாட்களில் நாயை அடைப்புள்ள இடத்தில் கட்டிவைப்பதே நல்லது. வெட்டவெளியில் கட்டினால் சிறுத்தைக்கு இரையாகிவிடும்.

பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் குறிக்கும் அதே நாட்காட்டியில், நாய்க்குத் தடுப்பூசி தேதி ஒன்றையும் புழு மாத்திரை தேதிகள் நான்கையும் இன்றே குறித்து வையுங்கள்.