இறுதியாண்டு புராஜெக்ட்: கடையில் வாங்காதீர்கள், லினக்ஸில் தேடுங்கள்

டிசம்பர், ஜனவரி மாதம் வந்துவிட்டால் கணினி படிக்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரே பேச்சுதான்: "என்ன புராஜெக்ட் எடுத்திருக்கே?" கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம், விழுப்புரம், சென்னை என்று போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் தயாராகக் கைக்கு வந்துவிடும். வைவா முடியும். தலைப்பு மாற்றப்பட்டு அடுத்த வருடம் அதே புராஜெக்ட் இன்னொருவருக்கு விற்கப்படும். வேலைக்கான நேர்முகத் தேர்வில், "இந்த வரி என்ன செய்கிறது?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பெற்றோர் கஷ்டப்பட்டுக் கட்டிய நான்கு வருடக் கட்டணம் அந்த ஒரு கேள்வியில் தடுமாறி நிற்கும்.

அதே நான்கு மாத உழைப்பை லினக்ஸ் போன்ற ஒரு திறமூல இயங்குதளத்துக்குக் கொடுக்கலாம். அதன் மூலக் கோடு யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே இருக்கிறது. நாம் செய்த திருத்தம் ஏற்கப்பட்டால் நம் பெயர், தேதியோடு அதில் பதிவாகிவிடும். ஆனால் எதை எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

லினக்ஸே ஒரு மாணவர் தொடங்கியதுதான். 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 21. இதைக் கேட்டுவிட்டு, "நானும் புது ஓஎஸ் செய்கிறேன்" என்று கிளம்புபவர்கள் உண்டு. கடைசியில் கிடைப்பது பெயரும் வால்பேப்பரும் மாற்றிய உபுண்டு! அதேபோல் கெர்னலின் ஷெட்யூலரை வேகப்படுத்துகிறேன் என்பதும் வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்கவே பல வகைக் கணினிகள் வேண்டும்.

இயங்குதளங்களை உருவாக்குபவர்கள் மாணவர்களுக்கான வேலையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்போம். கூகுள் 2005-இல் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருடமே 400-க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். டெபியன், ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூ போன்ற இயங்குதளக் குழுக்கள் இதில் பங்கேற்று வந்துள்ளன. ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை வெளியிடும். மாணவர் ஒன்றைத் தேர்ந்து திட்டம் எழுதி அனுப்புவார். யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வழிகாட்ட ஒருவர் நேரம் ஒதுக்காவிட்டால் அது தள்ளப்படும். ஹைக்கூ குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சிறு பிழையையாவது திருத்திக் காட்டிவிட்டு விண்ணப்பியுங்கள் என்று கேட்டது. மதிப்பெண் பட்டியலை விட அந்தச் சிறு திருத்தம் அதிகம் பேசும். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இத்திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது என்பதை நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டும்.

இதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

சரி, நம் ஊர் மாணவர் எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பிலிருந்தே தொடங்கலாம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்தது. அது சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எனவே டெபியனில் ஏற்கப்படும் திருத்தம் பின்னால் பாஸ், உபுண்டு போன்றவற்றுக்கும் வந்து சேர வழி உண்டு.

கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பல சிற்றூர்களில் செல்போன் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அங்கே ஒரு பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால் அதற்கு அப்டேட் எப்படிப் போகும்? இதற்கென்றே 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்று ஒரு கருவி டெபியனில் இருக்கிறது. எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் என்ற இந்தியர். இணையம் இல்லாத கணினி தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதை பென்டிரைவில் மலையிலிருந்து கீழே கொண்டுவந்து, கள்ளக்குறிச்சியில் இணையம் உள்ள ஒரு கணினியில் வேண்டியதையெல்லாம் இறக்கி, திரும்ப எடுத்துப் போய் நிறுவலாம்.

இந்தக் கருவியை பாஸில் ஓட்டிப் பார்த்து, எங்கெங்கே தடுக்குகிறது என்று குறித்து, அதில் இரண்டு மூன்றைத் திருத்தி, அதன் செய்திகளைத் தமிழில் தருவது ஒரு செமஸ்டருக்கு அளவான புராஜெக்ட். பாதியில் நின்றாலும் செய்த பாதி பயன்படும். சோதிக்க ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு பென்டிரைவும் போதும். நான் சிபாரிசு செய்வது இப்படிப்பட்ட வேலையைத்தான். வெறும் மொழிபெயர்ப்பு மட்டும் என்றால் நல்ல சேவைதான், ஆனால் கல்லூரி கைடு அதை புரோகிராமிங் என்று ஏற்க மாட்டார். கோடும் சேர்ந்திருக்கட்டும்.

முடிவு செய்யும் முன் ஒரு வாரம் சும்மா பாருங்கள். புதியவர்களுக்கு ஏற்ற பிழைகளுக்கு டெபியனில் 'நியூகமர்' என்ற குறியீடு உண்டு. அந்த மென்பொருளில் கடைசியாக எப்போது திருத்தம் ஏற்கப்பட்டது, கேள்வி கேட்டால் எத்தனை நாளில் பதில் வருகிறது என்று கவனியுங்கள். ஒரு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத புராஜெக்ட் என்றால் உங்கள் வேலையைப் பார்க்கவும் ஆள் இருக்காது.

ஏஐ எழுதித் தந்ததை அப்படியே அனுப்புவதும் ஆபத்து. ஜென்டூ, நெட்பிஎஸ்டி ஆகிய இரண்டும் 2024-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டன.

கைடிடம் முதலிலேயே ஒன்றைப் பேசிவிடுங்கள். திருத்தம் ஏற்கப்படுவது நம் கையில் இல்லை. வைவா முடிந்த பிறகும் வரலாம். ஆகவே மதிப்பெண்ணை அதோடு கட்ட வேண்டாம். அனுப்பிய திருத்தம், அதற்கு வந்த விமர்சனம், நீங்கள் மாற்றி அனுப்பியது ஆகியவற்றையே ரிப்போர்ட்டில் வைக்கச் சம்மதம் வாங்குங்கள்.

வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரே, இவை வீட்டிலிருந்தே செய்யும் வேலைகள். உதவித்தொகையோடு வீட்டிலிருந்து பயிற்சி பெற 'அவுட்ரீச்சி' என்ற திட்டமும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அதையும் பார்க்கலாம். நேரில் கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் 'விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு' பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. போகும்போது அந்தப் பழைய லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள்.