டிரெய்லர் கொக்கி: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

திருக்கோவிலூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல், மணிலா மூட்டைகளை ஏற்றிச் செல்லும்போது டிரெய்லரின் பின்கதவுக் கொக்கி கழன்றால் மூட்டைகள் சாலையில்தான் கிடக்கும். வண்டிக்குப் பொருந்தும் கொக்கியை விவசாயிகள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்து பார்க்கலாம்.

ஆடாத மேஜை, 4 அங்குல வைஸ், துளையிடும் மெஷின், ஹாக்ஸா, அரம் ஆகியவை போதும். முதலில் கொக்கியைக் கெட்டி அட்டையில் வெட்டி, கதவில் வைத்துத் திறந்து மூடவும். எங்கே இடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் நேரே இரும்பை அறுத்து வீணாக்குகின்றனர். அட்டை சரியாக அமைந்த பிறகே இரும்புப் பட்டையில் செய்ய வேண்டும். 10 மி.மீ. போல்டுக்கு 11 மி.மீ. துளை இடவும். வளைவில் துளையிட்டால் அங்கேதான் விரிசல் விழும்.

வைக்கோல் போர் அருகே வெல்டிங் கூடாது. பம்பு செட்டின் இலவச மின் இணைப்பை இதற்குப் பயன்படுத்துவது விதிமீறலாகும்.

பிரேக், ஸ்டியரிங், டிரெய்லரை டிராக்டருடன் இணைக்கும் பின் ஆகியவற்றில் சோதனை வேண்டாம். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

புதுக் கொக்கியை அரைப் பாரத்துடன் வயல் பாதையில் ஓட்டிப் பார்த்த பின்னரே சாலைக்குக் கொண்டு செல்லவும்.