பெட்டி ஒன்று, உள்ளிருக்கும் சிப் வேறு

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மாலை மயங்கும் வேளையில் அடுக்குமாடிச் சாளரங்களை அண்ணாந்து பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். விளக்கொளிக்கு நிகராகக் கணினித் திரைகளின் நீலவொளியும் அங்கு பரவி நிற்கின்றது. அக்கணினிகளுட் பல புதியவை அல்ல. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, புதிய மடிக்கணினி வாங்குவதென்பது நடுத்தரக் குடும்பத்துக்குத் தாலிக்கொடி செய்விப்பதற்கு ஒப்பான காரியமாகிவிட்டது. அண்ணன் பல்கலைக்கழகத்தில் உபயோகித்ததைத் தம்பி உபயோகிக்கிறான். மாமாவின் காரியாலயம் கழித்துவிட்டதை மருமகள் ஏற்றுக்கொள்கிறாள்.

இந்நிலையிலே, 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்பதற்குரிய தகுதி, ஏறக்குறைய 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கணினிகளுக்கு இல்லை. திரை நன்று, விசைப்பலகை நன்று, ஆயினும் கணினி 'காலங்கடந்தது' என்று தள்ளப்படுகின்றது. இத்தகைய கணினிகளுக்கு மறுவாழ்வு அளிப்பது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தொடங்கிய இவ்வியங்குதளத்தின் கருவை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நமது தீவுக்கும் இவ்வழி புதிதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதியின் கடற்கோளைத் தொடர்ந்து, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கென இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களில் ஆக்கி, 'நிவாரணம்' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் 'சஹானா' எனப் பெயரிட்ட மென்பொருள், இத்தகைய திறந்த மூல மரபிலே பிறந்ததேயாம்.

எல்லாம் நன்றே. ஆனால் லினக்ஸை நிறுவிய மாணவன் முதலிற் கேட்கும் கேள்வி யாது? "வைஃபை ஏன் வரவில்லை?" என்பதே.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் வசிக்கும் எமது நண்பர் ஒருவரின் மகன், உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவன். அவனுக்குக் கிடைத்தது பழைய மடிக்கணினி ஒன்று. அதனுள் இருந்த வைஃபை அட்டை ஏற்கெனவே செயலிழந்துவிட்டது. பெளதிகவியல் வகுப்போ வாரம் இருமுறை இணையவழியில் நடைபெறுகின்றது. தாயார் சீட்டுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தோடு கடைக்குச் சென்றான்.

"அண்ணா, இதுக்குள்ளே என்ன சிப் இருக்கு?"

"சிப் எல்லாம் யார் தம்பி பார்க்கிறது? இரண்டு அன்ரனா இருக்கு, நல்ல வேகம். பெட்டியிலே லினக்ஸ் என்றும் போட்டிருக்கு, பாருங்கோ."

போட்டிருந்தது உண்மைதான். வீட்டுக்கு வந்து செருகியபோது கணினி அதனைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டியுடன் வந்த சிறிய தட்டில் லினக்ஸுக்கென ஒரு கோவை இருந்தது. அது பல ஆண்டுகளுக்கு முந்திய லினக்ஸ் பதிப்புக்காக எழுதப்பட்டது. மறுநாள் கடைக்குச் சென்றால், உறை பிரித்த பொருளை மீளப் பெறுவதில்லை என்று பதில். பரீட்சைக்கு எஞ்சியிருந்த வாரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

(சிப் என்பதைத் தமிழில் 'சில்லு' என எழுதுவோர் உளர். யாழ்ப்பாணத்து வாசகர்கள் வண்டிச் சில்லை நினைத்துக்கொள்வர் என்ற அச்சத்தால் நாம் சிப் என்றே எழுதுகின்றோம்.)

இங்கு நிகழ்ந்தது யாது என்பதை விளக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் துவிபாஷக முதலியார்கள் இருந்தனர். துரை பேசுவது குடியானவனுக்கு விளங்காது; குடியானவன் முறையிடுவது துரைக்கு விளங்காது. இடையில் நிற்பவர் இல்லையேல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க வேண்டியதுதான். கணினிக்கும் அதிற் செருகும் கருவிக்கும் இடையே அவ்வாறு நிற்பதே 'டிரைவர்' எனும் இயக்கி. விண்டோஸுக்கான துவிபாஷகரைக் கருவியைச் செய்த கம்பனியே சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுகின்றது. லினக்ஸுக்கோ, சில கம்பனிகள் அனுப்பும்; சில அனுப்பா; சில, சிப் எவ்வாறு பேசுகிறது என்ற இலக்கணத்தையே இரகசியமாகப் பூட்டிவைக்கும்.

பூட்டிய இலக்கணத்தைத் திறந்த கதை ஒன்றுண்டு. புரோட்கொம் கம்பனியின் வைஃபை சிப்புகள் எண்ணற்ற மடிக்கணினிகளில் இருந்தும், அவற்றுக்கு லினக்ஸ் இயக்கி இல்லாதிருந்தது. தொண்டர்கள் இரு குழுவினராகப் பிரிந்தனர். ஒரு குழு, கம்பனியின் இயக்கி சிப்புடன் எவ்வாறு உரையாடுகின்றது என்பதை ஒற்றுக் கேட்டு, இன்ன வேளையில் இன்ன எண் அனுப்பப்படுகின்றது எனச் சாதாரண மொழியில் எழுதி வைத்தது. மற்றக் குழு கம்பனியின் நிரலைக் கண்ணாலும் பாராது, அக்குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக இயக்கியை ஆக்கியது. பார்த்தவன் எழுதவில்லை, எழுதியவன் பார்க்கவில்லை. ஆகையால் எவரும் திருட்டுக் குற்றம் சாட்ட இயலாது! இவ்வாறு பிறந்த இயக்கி 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லினக்ஸின் கருவாகிய கெர்னலின் 2.6.17ஆம் பதிப்பிலே சேர்ந்தது. 2008இல் அதரோஸ் கம்பனி தன் புதிய சிப்புகளுக்குத் தானே முன்வந்து திறந்த இயக்கியைத் தந்தது. 2010இல் புரோட்கொமும் தனது புதிய சிப் சிலவற்றுக்கு அவ்வாறே செய்தது. சட்டத்துக்கு அஞ்சி இத்துணைப் பொறுமையுடன் உழைத்தோரை எண்ணும்போது, ஒரு டொங்கிளுக்காக நாம் அலுத்துக்கொள்வது சற்று மிகையாகவே தோன்றுகிறது.

ஆகவே, வாங்குவோன் கேட்கவேண்டியது கம்பனியின் பெயரை அன்று, சிப்பின் பெயரை. இதற்கு உலகறிந்த உதாரணம் ரி.பி. லிங்க் கம்பனியின் டபிள்யூ.என். 722 என். இதன் முதற் பதிப்பில் அதரோஸ் ஏ.ஆர். 9271 என்னும் சிப் இருந்தது; 2010 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு இயக்கி உண்டு; செருகியவுடன் இயங்கும். இரண்டாம் பதிப்பில் பெயர் அதே பெயர். உள்ளே ரியல்ரெக் 8188 வகைச் சிப். அதற்குரிய இயக்கி, கெர்னலில் இன்னும் தரம் பெறாதவற்றுக்கென ஒதுக்கிய பகுதியில் நெடுங்காலம் அரைகுறையாகக் கிடந்து, 2023இல் 6.3ஆம் பதிப்பில்தான் நல்ல இயக்கியின் ஆதரவைப் பெற்றது. பழைய நூல்களிலும் குறிப்புக்களிலும் முதற் பதிப்புக்குரிய புகழ்மொழியைப் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பை வாங்கியோர் உலகெங்கும் பலர். பதிப்பு எண்ணோ கருவியின் அடியில் எறும்பெழுத்தில் அச்சாகியிருக்கும்.

அவ்வெறும்பெழுத்தை நம்புவதிலும் சிறந்த வழி, கருவியின் வாயாலேயே உண்மையை வரவழைப்பது. யு.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் தன் குலமும் கோத்திரமும் கூறும். லினக்ஸில் 'எல், எஸ், யு, எஸ், பி' என்னும் ஐந்தெழுத்தைத் தட்டினால் அது திரையில் வரும். சைவ வாசகர்கள் பொறுத்தருள்க, அதுவும் ஓர் ஐந்தெழுத்துத்தான். நான்கு குறிகள், ஒரு முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு குறிகள். முற்பாதி செய்தவர் யார் என்பது; பிற்பாதி செய்த பொருள் யாது என்பது. பிற்பாதி 9271 ஆயின், முற்பாதியும் 0, சி, எஃப், 3 ஆயின், அது மேற்கூறிய அதரோஸ். இவ்வெட்டுக் குறிகளும் கையிலிருந்தால், எந்தக் கெர்னல் பதிப்பு முதல் இயக்கி உண்டு என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

சில டொங்கிள்கள் ஒரு கள்ளத்தனமும் செய்யும். செருகியவுடன் தம்மை வைஃபை எனக் கூறாது, விண்டோஸ் இயக்கியைச் சுமந்த இறுவட்டு எனக் கூறிக்கொள்ளும். அவ்வட்டை 'வெளியேற்று' எனக் கட்டளையிட்டால் வேடம் கலைந்து உண்மை உருவங் காட்டும். கருவி பழுதென எறியுமுன் இதனைச் சோதிப்பது நன்று.

எதைத்தான் வாங்குவது? அதிக வேகம் வேண்டாதார்க்கு மேற்கூறிய 9271 இன்றும் போதும். ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். மீடியாரெக் கம்பனியின் 7612 யு சிப்புக்கு 2018இல் வெளிவந்த 4.19 கெர்னல் முதலும், ஆறாந் தலைமுறை வைஃபையைச் சேர்ந்த 7921 யு வகைக்கு 2022இன் 5.18 முதலும் ஆதரவு உண்டு. எமது எண்ணத்தில் இன்று முதலில் தேடவேண்டியவை இவையே. ரியல்ரெக்கின் 8812 ஏ.யு. சிப்பு பல பெட்டிகளில் ஒளிந்திருப்பது. அதற்குக் கெர்னலிலேயே இயக்கி வந்தது 2025இன் 6.14ஆம் பதிப்பில்தான். 2024இல் வெளிவந்த உபுந்து 24.04 முதலிற் கொண்டிருந்ததோ 6.8. இத்தகைய சிப்புக்கு வெளியார் எழுதிய இயக்கியைத் தேடி நிறுவலாமெனினும், கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது பொருந்தாது நின்றுவிடக் கூடும். பரீட்சைக் காலத்தில் அவ்வித விபரீதம் வேண்டாம். கணினியைத் திறந்து உள்ளட்டையை மாற்றும் துணிவுள்ளோர் இன்ரெல் அட்டையை நாடலாம். ஆயினும் சில பழைய கணினிகள் தம் கம்பனி அங்கீகரித்த அட்டைகளை அன்றி வேறெதையும் ஏற்பதில்லை என்பதை முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும்.

இன்னொரு சிக்கல்: இயக்கியைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ இயக்கி வேண்டும். கல்யாணம் ஆனாற் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தாற் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். இதற்கு மருந்து கைத்தொலைபேசியிலேயே உண்டு. அன்ட்ரொயிட் தொலைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்து, அமைப்புக்களில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்துவிட்டால், லினக்ஸ் அதனைக் கம்பிவழி இணையமாகவே எண்ணிக்கொள்ளும். தொலைபேசி வீட்டு வைஃபையுடன் இணைந்திருந்தால் டேட்டாவுக்குத் தனிச் செலவும் இல்லை. கொட்டாஞ்சேனைப் பையன் அவ்வார வகுப்புக்களைத் தப்பவிடாது காத்தது இவ்வழியாலேதான். வாங்கிய டொங்கிளை வெள்ளவத்தையில் விண்டோஸ் வைத்திருக்கும் வகுப்புத் தோழனுக்குப் பாதி விலைக்கு விற்றான்; பாதி நட்டமே. அடுத்த முறை, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவையும் மடிக்கணினியையும் பையில் எடுத்துக்கொண்டு, பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா முதல் புறக்கோட்டை வரை அலைந்தான். செருகிப் பார்க்க இணங்காத கடைக்காரரை வணங்கி நகர்ந்து, இணங்கிய ஒருவரிடம் வாங்கினான்.

வாங்கிய பின்னும் கட்டிடங்களின் குணத்தை அறிதல் நலம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர்; 5 கிகாஹெர்ட்ஸினது அதிற் பாதி. குறுகிய அலை வேகமானது. ஆனால் வெள்ளவத்தை மாடிகளின் கொங்கிறீற்றுச் சுவர்களில் விரைவில் வலுவிழக்கும். நெடிய அலை சுவரைக் கடக்கும். ஆனால் கொட்டாஞ்சேனை போன்று வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடங்களில் அயலாரின் ரவுட்டர்கள் அனைத்தும் அதே வரிசையிற் கூச்சலிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே படிப்போர் 5ஐயும், இரு சுவர்களுக்கு அப்பால் இருப்போர் 2.4ஐயும் தெரிதல் பொருந்தும்.

இறுதியாக ஒன்று: யு.எஸ்.பி. 3 துளைகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுப்பதை இன்ரெல் கம்பனி 2012இலேயே ஆராய்ந்து வெளியிட்டது. நீலநிறத் துளையில் டொங்கிளைச் செருகி, அருகே வெளித் தட்டு ஒன்றையும் இணைத்துவிட்டு, சமிக்ஞை குறைகின்றது என்று வருந்துவோர் அரை மீற்றர் நீட்டுக் கம்பி ஒன்றை வாங்கி, டொங்கிளைக் கணினியிலிருந்து சற்றுத் தள்ளி, மேசையின் உயரத்துக்கு மேலே வைத்துப் பார்க்கட்டும்.