கையை அளந்து மவுஸ் வாங்குங்கள்

கேமிங் மவுஸ் வாங்கப் போனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது டிபிஐ எண்தான். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது எத்தனை சிறு அசைவுகளாக அது கணினிக்குக் கணக்குச் சொல்கிறது என்பதே டிபிஐ. இன்று அந்த எண் 20,000-ஐயும் தாண்டிவிட்டது. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடும் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் 400 அல்லது 800-இல்தான் வைத்து ஆடுகிறார்கள். மவுஸின் அடியில் இருக்கும் குட்டிக் கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அசைவைக் கண்டுபிடிக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் நன்றாகத் தேறிவிட்டது. நடுத்தர விலை மவுஸிலேயே போதுமான தரம் கிடைக்கிறது. ஆகவே காசைப் பெரிய எண்ணுக்குக் கொட்டாமல், கைக்குப் பொருந்தும் வடிவத்துக்குக் கொடுங்கள்.

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை அளந்துகொள்ளுங்கள். 17 முதல் 19 செ.மீ. வரை இருந்தால் நடுத்தர அளவு மவுஸ் பெரும்பாலும் ஒத்துவரும். அடுத்தது பிடிக்கும் விதம். சிலர் உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் படுக்கவைப்பார்கள். அவர்களுக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ் வேண்டும். சிலர் விரல்களை மடக்கி நகம்போல ஊன்றுவார்கள். விரல்நுனியால் மட்டும் தொட்டு ஆடுபவர்களுக்குச் சிறியதும் தட்டையானதும் நல்லது.

எடையை மவுஸைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிபிஐயைக் குறைத்து ஆடும்போது, திரையில் முழுதாகத் திரும்ப மவுஸ் பேடின் ஓரம் வரை போய்விடுவோம். உடனே மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பக்கவாட்டில் நெருக்கிப் பிடித்துத்தான் தூக்குகின்றன. ஓர் ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். 100 கிராமுக்கு மேல் இருந்த மவுஸ்கள் இன்று 60 கிராம் அளவுக்கு இறங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். பக்கங்கள் வழுக்கினால், எடை குறைவாக இருந்தும் இன்னும் இறுக்கிப் பிடிப்போம், முன்கை வலிக்கும்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதன் வழியே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்ச்சிக்கு அந்த நரம்புதான் பொறுப்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். மேசை உயரமாக இருந்தால் எவ்வளவு நல்ல மவுஸும் கையைக் காப்பாற்றாது. நாற்காலியை உயர்த்தி, முழங்கையும் மணிக்கட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வருமாறு உட்கார வேண்டும். விரல் மரத்துப்போவது தொடர்ந்தால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இடக்கைக்காரர்களுக்குத்தான் தேர்வு மிகக் குறைவு. கைக்கேற்ப வளைத்த மவுஸ்கள் பெரும்பாலும் வலக்கைக்கே செய்யப்படுகின்றன. இரு பக்கமும் ஒரேமாதிரி இருப்பதாகச் சொல்லப்படும் மவுஸிலும் பக்கவாட்டுப் பொத்தான்கள் பல நேரம் இடப்புறம் மட்டுமே இருக்கும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரலுக்கு அவை எட்டாது. வலப்புறத்திலும் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவர்கள் பணம் கட்ட வேண்டும்.