ஒரு பிடி அரிசி, ஒரே பந்தி

திருநெல்வேலிச் சீமையின் கிராமத்து தேவாலயங்கள் ஞாயிறு ஆராதனையோடு கதவைச் சாத்திக்கொள்வதில்லை. வாரம் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன சேமிப்பும் உதவியும்தான் அவற்றின் பலம். சோதனை வருவது பந்தியில்.

தேரிக்காட்டின் செம்மணலில் நடப்பவர் கண்ணுக்கு, பனை வரிசைகளுக்கு மேலே முதலில் தெரிவது ஆலயக் கோபுரம்தான். தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனரி கட்டிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் சுமார் 190 அடி உயரம். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்வது அதைத்தான். ஆனால் இந்தச் சபைகளைத் தாங்கி நிற்பது எது என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பது இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் பல தலைமுறைப் பழக்கம். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். சேர்ந்த அரிசி ஆலயத்துக்கு வரும். காசைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்த காலத்தில் பனையேறியின் மனைவியும் வயல்கூலிப் பெண்ணும் தங்கள் கையால் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு வேளை உலை வைத்தால் வாரத்துக்கு 700 கிராம். நூறு வீடுகள் உள்ள ஊரில் வாரம் 70 கிலோ. கொடுத்த வீட்டில் யாருக்கும் வயிறு குறையவில்லை. ஆனால் ஊரில் ஆதரவற்ற சில வீடுகளில் அடுப்பு எரியும். மிசோரம் மலைகளில் இதே பழக்கம் 1910ல் தொடங்கி, இன்று அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்றாக இருக்கிறது.

இந்தச் சபைகளின் வாரத்துக்கென்று ஒரு தாளம் உண்டு. ஞாயிறு காலை மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, பெரியவர்களுக்கு ஆராதனை. காணிக்கைப் பை சுற்றி வருவது ஒரு பக்கம். தோட்டத்தில் முதலில் காய்த்த பூசணி, முதல் குலை வாழை, முதல் ஈட்டுக் கோழி முட்டை என்று முதற்பலன்கள் பீடத்தின் அருகே வந்து சேர்வது இன்னொரு பக்கம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பத்து ரூபாய்ப் பூசணிக்காய் நூறு ரூபாய்க்குப் போகும். வாங்குபவருக்கும் விலை தெரியும், விற்பவருக்கும் தெரியும். விலைக்கு மேல் கொடுப்பதுதான் அந்த ஏலத்தின் பொருளாதாரம்.

பல ஊர்களைச் சேர்த்தது ஒரு சேகரம். அதற்கு ஒரு சேகரகுரு. அவரால் எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் போக முடியாது. ஊரோடு இருந்து ஆராதனை நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது, சண்டையை விலக்குவது, சாவு வீட்டில் முதலில் போய் நிற்பது எல்லாம் சபை ஊழியரின் வேலை. வாரத்தின் நடுவே ஒரு மாலை வீட்டு ஜெபக் கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில். பாய் விரித்து, பாட்டுப் பாடி, ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போதுதான் யார் வீட்டில் கல்யாணம் பணமில்லாமல் நிற்கிறது, யார் பிள்ளை படிப்பை விட்டுவிட்டான் என்ற செய்திகள் வெளியே வருகின்றன. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை மாலை பாடகர் குழுவின் ஒத்திகை, வாலிபர் சங்கத்தார் ஆலய வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் சத்தம். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் நோட்டில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் சிறு தொகைகள்: ஒரு விதவைக்கு மருந்து, ஒரு மாணவிக்கு யூனிபார்ம், ஒரு பிரசவச் செலவு.

இந்தப் பழக்கங்களின் வேர் துன்பத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவர்களாக மாறிய எளிய மக்கள் அடியும் தீவைப்பும் தாங்காமல் ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தது. அவர்களுக்காக 1799ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். பெயரே வரலாற்றைச் சொல்கிறது. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். 1830ல் அவர் தொடங்கிய தர்மசங்கம், துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டிக் கொடுத்தது. ஒரு திருச்சபைச் சங்கம் வேதப் புத்தகத்தோடு கிரயப் பத்திரத்தையும் கையில் எடுத்தது அப்போதுதான். குடியிருக்கும் மண்ணில் உரிமையில்லாதவனுக்குச் சுதந்திரமான வழிபாடும் கிடையாது என்பது அன்றே புரிந்திருந்தது.

பிறகு பஞ்சம் வந்தது. 1876ல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ் முதலில் சந்தித்தது தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத்தான். அனாதை விடுதி திறந்தார். வெறும் சோறு போதாது, கையில் தொழில் வேண்டும் என்று 1878ல் தொழிற்பள்ளி தொடங்கினார். 1908ல் அவர் இறந்தபோது நாசரேத் பள்ளி, மருத்துவமனை, தொழில் எல்லாம் கொண்ட ஊராகியிருந்தது. பாளையங்கோட்டையில் 1890களில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் காது கேளாதோருக்கும் கற்பிக்கத் தொடங்கினார்கள். அந்த இரண்டு முயற்சிகளும் பெரிய பள்ளிகளாக வளர்ந்தன.

இவையெல்லாம் வெள்ளைக்காரர்களின் கொடை என்று நினைப்பது எளிது. அது பாதிக் கதை. மிஷனரியின் மேலாண்மையைச் சபையார் எப்போதும் தலையாட்டி ஏற்றதில்லை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857ல் அருமைநாயகம் சட்டம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்துபோய், வெளிநாட்டாரின் கட்டுப்பாடு இல்லாத சபையை நிறுவியது. ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமையில் வழிபட்டது. பிரிந்து போகாதவர்களும் பிடியரிசியாலும் சங்கக் காணிக்கையாலும் தங்கள் காலில் நிற்கப் பழகினார்கள்.

அந்தப் பழக்கத்தின் பலன் 1903ல் தெரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தமிழ்க் கிராமங்களின் காணிக்கை, தெலுங்கு பேசும் ஏழைகளைத் தேடி நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனது. சங்கத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆட்களை அனுப்பிவிட்டுச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. 1909ல் தானே தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். தெலுங்கு கற்றார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இடையில், 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசிய பேச்சு சபையை உலுக்கியது. வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களுக்குப் பணமும் உழைப்பும் தந்தார்கள், ஆனால் சமமான நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அதே அளவுகோலைத் தன் பேராயத்துக்கும் வைத்தார். அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். எழுத்தறிவில்லை, கையில் காசில்லை. இருந்தும் கொடுப்பதிலிருந்து அசரியா அவர்களை விலக்கிவைக்கவில்லை. பிடியரிசியும் அறுவடைக் காணிக்கையும் அங்கேயும் நடந்தன. தர்மம் வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட மனிதன், தானும் கொடுக்கும்போது நிமிர்கிறான் என்பது அவர் கணிப்பு. அவருடைய மனைவி அன்பு மரியம்மாள் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்தார். இந்து, முஸ்லிம் கட்டடக் கலைகளைக் கலந்து எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1945ல் அசரியா இறந்தார். அவர் பாடுபட்ட ஐக்கியம், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருவெடுத்தது.

நெல்லைச் சீமைச் சபைகளின் ஆண்டில் மிகப் பெரிய நாள் அசனம். அசனம் என்றால் உணவு. பண்டிகையை ஒட்டி ஆலய வளாகத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வேகும். அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். காய் நறுக்குவது பெண்கள், விறகு தள்ளுவது இளைஞர்கள், பரிமாறுவது ஊரில் வேலைக்குப் போய்த் திரும்பிவந்த எல்லோரும். மும்பையிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் தீபாவளிக்குக் கிடைக்காத லீவை அசனத்துக்கு வாங்கிவிடுவார்கள். மதம் பார்க்காமல் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து உட்காருகிறார்கள். வருஷம் முழுவதும் சிறுகச் சேர்த்தது ஒரு பகலில் இலைக்கு வருகிறது.

ஆனால் பந்திதான் தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய சோதனைக் கூடம். 1847ல் அமெரிக்க மதுரை மிஷன் தன் உபதேசியார்களும் ஆசிரியர்களும் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றது. பலர் இலையில் உட்காருவதைவிட வேலையை விடுவதே மேல் என்று போய்விட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2008ல் விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கும் ஊர்கள் இருக்கின்றன.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) இதைத்தான் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் அவரைப் பறட்டை என்றே அழைத்தார்கள். சாவுக்கு அடிக்கும் மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டு முறையையே அமைத்தார். அவர் இறையியலின் மையம் ஒரு உலை. ஒரே உலையில் வெந்த சோற்றைச் சேர்ந்து சாப்பிடாதவர்கள் திருவிருந்து என்று அப்பத்தைப் பிட்டுக்கொள்வதில் என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தக் கேள்வி பல குருமார்களைச் சங்கடப்படுத்தியது. கிராமங்களில் பலரைப் பாட வைத்தது.

சபை தரும் சமத்துவத்தில் குறை இருக்கிறதென்றால், அரசாங்கமும் கைகழுவி நிற்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கிடைத்த திருத்தம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2022ல் மத்திய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் கமிஷன் அமைத்தது. 2023ல் ஆந்திர சட்டசபை, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஊரில் சாதியும் போகாமல், சாதிச் சான்றிதழும் கிடைக்காமல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது ஒரு தலைமுறை.

அரிசிப் பாத்திரத்தைக் காத்த பெண்களுக்கும் பீடம் நெடுநாள் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குரு அபிஷேகம் பெற்றது 1976ல். முதல் பெண் பேராயர் 2013ல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு வந்த புஷ்பலலிதா. பெண்கள் சங்கங்களின் உழைப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் பணமும் பதவியும் பேசும் கமிட்டிகளில் இன்னும் ஆண்கள் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

அந்தக் கமிட்டிகள் வேறொரு தலைவலி. பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வளர்ந்ததில் ஆசிரியர் நியமனமும் சொத்து நிர்வாகமும் அதிகாரமாயின. திருமண்டலத் தேர்தல்களில் அணிகள், போஸ்டர்கள், பிறகு கோர்ட் படியேறும் வழக்குகள் என்பது நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பழகிப்போன காட்சி. பிடியரிசி கொடுத்தவர்களின் பேரர்கள் அந்த அரிசியில் எழுந்த நிறுவனங்களின் சாவிக்காக மோதிக்கொள்கிறார்கள்.

வாரத்தின் தாளமும் மாறிவருகிறது. பனையேறுவோர் குறைந்துவிட்டார்கள். பல ஊர்களில் முதியவர்கள் மட்டுமே மிச்சம். வெளியூர்ப் பிள்ளைகள் சங்கக் காணிக்கையை செல்போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். தொகை பெரியதுதான். ஆனால் வீட்டு ஜெபக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைக் காதில் வாங்கியவர் கொடுத்த ஒரு பிடி அரிசி, கொடுப்பவருக்குத் தெரிந்த ஒரு வாய்க்குப் போனது. பணம் எளிதாக வந்துவிடும் காலத்தில் அந்த அறிமுகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஒவ்வொரு சேகரத்தின் முன்னும் நிற்கும் வேலை.

அதைவிடப் பெரிய வேலை பந்தியில் இருக்கிறது. அடுத்த அசனத்துக்கு அண்டாக்கள் கழுவப்படும்போது எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்று ஊர் பெருமையாகப் பேசும். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார், கரண்டி யார் கையில் இருந்தது என்பதையும் சபையார் எண்ணிப் பார்க்க வேண்டும்.